எர்மோசியோவில் நான்கு ஓட்டம்

காலை பதினொரு மணிக்கே நாற்பத்து நான்கு டிகிரி.
எவரார்தோவின் வெள்ளை ஜெட்டாவை
டைனோ உருளைமேல் ஏற்றிப் பட்டையை இழுத்துக் கட்டுகையில்
கொக்கி என் உள்ளங்கையைச் சுட்டது.
ஜூன் முழுக்க இந்த ஊரில்
இரும்பைத் தொட்டால் இரும்பு திருப்பித் தொடும்.

பானெட்டைத் திறந்தான்.
டர்போவுக்குக் காற்று போகிற குழாயின் வாயில்
புதிதாய் ஒரு வெள்ளிப் பெட்டி, நீல விளக்கு,
மூடியில் ஒரு பனிக்கரடி.
அதற்கும் வியர்த்திருந்தது.

"காற்றைக் குளிர வைக்கும், தோன்யா ஒர்த்தென்சியா.
பதினைந்து குதிரை கூடும். அட்டையிலேயே போட்டிருக்கு."
"அட்டைக்கென்ன, எதை அச்சடித்தாலும் தாங்கும்" என்றேன்.

பெட்டியை அணைத்து முதல் ஓட்டம்:
நூற்று நாற்பத்தொன்று.
பெட்டியைப் போட்டு இரண்டாவது:
நூற்று நாற்பத்தைந்து.

அவன் குதித்த குதியில் தொப்பி கழன்று
உருளைக்குப் பக்கத்தில் விழுந்தது.
"இதை அச்சடிங்க. இதை மட்டும்."

நான் நாபோரைப் பார்த்தேன்.
நாபோர் பெரிய விசிறியைப் பார்த்தான்.
முதல் ஓட்டத்தில் அது பாதிச் சுவருக்கு வீசிக்கொண்டிருந்ததையும்
நடுவே அவன் அதைக் காலால் தள்ளி
இன்டர்கூலருக்கு நேராக்கியதையும்
நாங்கள் இருவரும்தான் கண்டோம்.

இன்னும் இரண்டு ஓட்டம், காசு வேண்டாம் என்றேன்.
பெட்டி இல்லாமல்: நாற்பத்தைந்து.
பெட்டியோடு: நாற்பத்து நான்கு.
நூறைச் சொல்ல மறந்தேன், அவனும் கேட்கவில்லை.

பிறகு விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாமோ என்னவோ.
உன் பெட்டி மூன்று டிகிரி குறைக்கிறது, பொய்யில்லை.
ஆனால் அடுத்த முழத்திலேயே
டர்போ அந்தக் காற்றைப் பிடித்து நசுக்கி
நூற்று நாற்பதுக்குச் சுட வைக்கிறது.
அதை ஆற வைப்பது முன்னாலிருக்கும் இன்டர்கூலர்.
அங்கே வந்து சேரும்போது உன் மூன்று
ஒன்றாகத் தேய்ந்துவிடுகிறது.
அந்த ஒன்றுக்கு ஆல்டர்னேட்டர்
அரைக் குதிரையைத் தீனியாகக் கேட்கிறது.
நீ கேட்கிற பதினைந்தோ
குதிரைக்கொம்பு.

"அப்படியானால் எதுவுமே உதவாதா?"

உதவும்.
இன்டர்கூலர்மேல் தண்ணீர் பீய்ச்சினால் உதவும்,
தொட்டி வற்றுகிறவரை.
போன வாரம் ஒருத்தன் பீர் வாங்கிய ஐஸ் மூட்டையை
அதன்மேல் சாய்த்து வைத்தான்: ஏழு குதிரை,
ஒரே ஓட்டத்துக்கு.
அப்புறம் தரையில் குட்டை, கையில் சூடான பீர்.
பெரிய இன்டர்கூலர் உதவும், விலை உன் காரில் பாதி.
இதோ, டர்போவுக்கு அப்பால் இந்த ரப்பர் குழாய்,
விரலை வை, கீறல் தெரிகிறதா?
முக்கி முக்கி அழுத்திய காற்று இதுவழியாகப் போகிறது.
இருநூறு பெசோ.

அவன் விரலை வைக்கவில்லை.
தொப்பியை எடுத்து முழங்காலில் தட்டினான்.

"வீட்டில் முப்பத்தாறு பெட்டி இருக்கு, தோன்யா.
கட்டிலுக்கடியில்.
மனைவி சீட்டில் எடுத்த பணம்."

விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
நாபோர் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

நான்கு ஓட்டத்தையும் ஒரே தாளில் அச்சடித்தேன்:
நான்கு கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று,
நான்கு வெப்பநிலை, கீழே என் கையெழுத்து.
விசிறி பற்றியும் ஒரு வரி எழுதினேன்.

வாங்கி வெகுநேரம் பார்த்தான்.
பிறகு பானெட்டின்மேல் வைத்து
நகத்தால் அழுத்தி அழுத்தி மடித்தான்,
முதல் இரண்டு எண்கள் மட்டும் வெளியே தெரிகிறபடி.
மடிப்பு நேராக இருந்தது. கெட்டிக்காரன்.

கார் கிளம்புகையில் ஸ்ஸ்ஸ் என்று
அந்தக் கீறல் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனது.
நாபோர் விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.
"நேராகவே வை" என்றேன்.